அமெரிக்கக் கறுப்பின நடிகை சிசலி டைசனை மேடையிலோ திரையிலோ பார்த்தவர்கள் எழுதுங்கள்

எடிசன்வாசி:
2013, நியூயார்க் ஸ்டீபன் சோண்ட்ஹைம் தியேட்டர், 'தி டிரிப் டு பவுண்டிஃபுல்' நாடகம். கதை உங்களுக்கே தெரியும், சாவதற்குள் சொந்த ஊரைப் பார்த்துவிடத் துடிக்கிற கிழவி. பேருந்து நிலையக் காட்சியில் டைசன் 'பிளெஸ்ட் அஷ்யூரன்ஸ்' பாட ஆரம்பித்தார். சர்ச் பாட்டு. என் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கறுப்பின அம்மா கூடவே பாடினார். டிக்கெட் விலை மனதில் உறுத்த, திரும்பி 'ஷ்ஷ்' என்றேன். நிறுத்திவிட்டார். அடுத்த வரிக்குள் பின்னாலிருந்து ஒரு குரல், மாடியிலிருந்து நாலு குரல், அப்புறம் பாதி அரங்கமே பாடியது. பால்யத்திலிருந்து ஞாயிறுதோறும் பாடிய பாட்டு அவர்களுக்கு. டைசனுக்கு அப்போது 88 வயது. அந்த வருடம் நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கினார். வயசான காலத்தில் டிவியிலிருந்து மேடைக்கு வந்தவர் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். இன்று அந்த 'ஷ்ஷ்'தான் காதில் நிற்கிறது.

பழையடேப்:
வயசான காலத்தில் வந்தவரா? 1961லேயே ழான் ஜெனேயின் 'தி பிளாக்ஸ்' நாடகத்தில் எழுத்தாளர் மாயா ஆஞ்சலோவோடு நடித்தவர் ஐயா. 1983க்கு அப்புறம் 30 வருடம் பிராட்வே பக்கம், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் பக்கம், வரவில்லை, அதை வைத்து நீங்களாக முடிவுகட்டிவிட்டீர்கள். கறுப்பர்களை மட்டம்தட்டும் வேடங்கள் வேண்டாம் என்று வேலையில்லாமல் இருந்ததும் அவர் நடிப்பு வாழ்க்கையில் சேர்த்திதான்.

என் கதை சின்னது. 1974இல் வந்த 'ஜேன் பிட்மன்' டிவி படத்தை வீடியோவில் பார்த்தேன். 110 வயதுக் கறுப்பினக் கிழவி, வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய குடிநீர்க் குழாயை நோக்கி நடக்கிறாள். நடை அவ்வளவு மெது. ஓட்டிவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன், அவள் குனிந்து தண்ணீர் குடிக்கும்வரை அது கையிலேயே இருந்தது. நடித்தவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

மாடிசீட்:
நான் பார்த்தது 2015இல், 'தி ஜின் கேம்', இரண்டு வயசானவர்கள் 'ஜின்' என்ற சீட்டாட்டம் ஆடும் நாடகம். எதிரில் நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் (அவரும் 'தி பிளாக்ஸ்' ஆள்தான்). ஒவ்வொரு ஆட்டமும் டைசனுக்கே. 'ஜின்' என்று சீட்டைப் பூ மாதிரி வைப்பார், அந்த மனிதர் கத்துவார். அவ்வளவுதான்.

எடிசன்வாசி, டிக்கெட் விலை உறுத்தியது என்றீர்களே, இனிமேல் முழு விலை கொடுக்காதீர்கள். டைம்ஸ் ஸ்கொயர் டிகேடிஎஸ் கவுன்டரில் அன்றைய காட்சிக்கே தள்ளுபடியில் கிடைக்கும். பெரிய மியூசிகலுக்கு ஆசைப்படாமல் வசன நாடகம் எது இருக்கிறது என்று கேளுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள். மாடியில் முதல் வரிசை கிடைத்தால் விடாதீர்கள், கீழே பின்வரிசையை விட முகம் நன்றாகத் தெரியும். ஜாக்கெட் கட்டாயம், ஏசி கொல்லும். காரில் போவது வீண், ரயிலில் பென் ஸ்டேஷன் போய் நடந்துவிடலாம்.

பழையடேப்:
பார்க்கிங் பற்றியும் ஒரு கட்டுரை எழுதிவிடுங்கள். எடிசன்வாசி, அரங்கமே பாடியபோது அந்த அம்மா மறுபடி சேர்ந்துகொண்டாரா?

எடிசன்வாசி:
இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பின்சீட்டுக்காரருக்குத் தொப்பி மறைக்கிறது என்று நான் 'ஷ்ஷ்' சொன்னதாக எடுத்துக்கொண்டார் போல.