போடிமெட்டு ஏறவும் இறங்கவும் ஒரே சைக்கிள்: எதை எடுக்கலாம்?

ஏலக்காட்டான்:
வணக்கம். வீடு பூப்பாறையில். ஞாயிறு காலையில் போடிமெட்டுக்கு ஏறி, 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மலையடிவாரத்து முந்தலில் டீ குடித்துவிட்டு அதே வழியில் திரும்ப ஏறி வருவேன். மற்ற நாட்களில் ஏலத்தோட்டத்து ஜீப் பாதைதான், மழை விட்டதும் சேறும் வழுக்குப் பாறையுமாக இருக்கும். இப்போது இருப்பது 2013-ல் வாங்கிய 26 அங்குல வீல் ஹார்ட்டெயில் (பின்பக்கம் அமுங்காதது), முன்னால் 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க். ஏற்றத்தில் குறையே இல்லை. ஆனால் போன மாதம் அனுமதி கேட்டுக்கொண்டு கொழுக்குமலை ஜீப் பாதையில் சூரியநெல்லி வரை இறங்கினேன், இரண்டு நாள் கை மரத்துக் கிடந்தது. கொச்சியில் ஒருவர் 150 மி.மீ. அமுங்கும் ஆல் மவுண்டன் புல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அமுங்குவது), மூன்று வருஷம் ஓட்டியது, 1.6 லட்சம் சொல்கிறார். கடையில் 130 மி.மீ. ஃபோர்க் போட்ட புது ஹார்ட்டெயில் 90 ஆயிரம். 150-ஐ வைத்துக்கொண்டு முந்தலிலிருந்து ஏற முடியுமா, இதுதான் என் பயம்.

முந்தல்மிதி:
ஏற முடியும் தம்பி, நான் ஏறுகிறேன். எத்தனை மி.மீ. என்பதை விட்டுவிட்டு முதலில் கியரைப் பாருங்கள். உங்கள் பழைய சைக்கிளில் முன்னால் 22 பல், பின்னால் 34 இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியானால் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.34 மீட்டர் நகரும், இது குறையக் குறைய மிதிப்பது லேசு. புது சைக்கிள்களில் முன்னால் ஒரே பல்சக்கரம், பெரும்பாலும் 32 பல், பின்னால் பெரியது 51. வீல் 29 என்பதால் சுற்றுக்கு 1.44 மீட்டர். பின்னால் தட்டு மாதிரி பெரிய பல்சக்கரத்தைப் பார்த்ததும் ஏற்றம் லேசாகிவிடும் என்று நினைக்கிறோம், கணக்குப் போட்டால் பழையதைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் வருகிறது. முன்னால் 30 பல் மாற்றினால் 1.35, பழையதற்குச் சமம். 28 போட இடமிருந்தால் 1.26. அதற்கு ஆகும் செலவு சில ஆயிரம்தான், முந்தலிலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறும்போது அதன் அருமை தெரியும்.

எடைக்குப் பயப்படாதீர்கள். ஹார்ட்டெயிலைவிட 2 கிலோ கூட என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ என்றால், இரண்டு மணி நேர ஏற்றத்தில் அது மூன்று நிமிஷத்துக்கு மேல் தின்னாது. டயர் அதைவிட அதிகம் தின்னும். இறக்கத்துக்கென்றே செய்த மெத்தென்ற ரப்பர் டயர் தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும், வாங்கினதும் பின் டயரையாவது மாற்றிவிடுங்கள்.

அப்புறம் சீட் கோணம், அதாவது சீட் குழாயின் சாய்வு. பழைய சைக்கிள்களில் 73 டிகிரி பக்கம், இப்போது 76-77. செங்குத்தான இடத்தில் முன் வீல் தூக்காமல் இருக்க இது பெரிய உதவி. புல் சஸ்பென்ஷனில் ஏறும்போது பின்பக்கம் அமுங்கி அந்தக் கோணம் இன்னும் சாயும், அதனால் பின் ஷாக்கில் அமுங்காமல் இறுக்கும் லீவர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

அடிமாலி ராணி:
ஏற்றத்தை மட்டுமே பேசுகிறீர்கள், நான் இறக்கத்தைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் போடிமெட்டு இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தே வந்தேன். கீழ் வளைவுகளுக்கு வருவதற்குள் பிடி போய்விட்டது. லீவர் வருகிறது, வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கம் மண்ணில் ஏற்றித்தான் நிறுத்தினேன், முழங்கை பிய்ந்தது. அன்று முன்னால் 160 மி.மீ. டிஸ்க், மென்மையான ஆர்கானிக் பிரேக் பேட். இப்போது முன்னால் 203, பின்னால் 180, மெட்டல் பேட். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டு ஆற விடுகிறேன். நீங்கள் எந்த சைக்கிள் எடுத்தாலும் பெரிய டிஸ்க் மாட்ட முடியுமா என்று கேட்டுவிட்டு எடுங்கள் அண்ணா. டிராப்பர் போஸ்ட்டும் (ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கும் தண்டு) கட்டாயம் வேண்டும், சீட்டை இறக்காமல் அந்த ஜீப் பாதையில் பின்னால் போக இடமே கிடைக்காது.

தேனிக்காற்று:
நான் ஹார்ட்டெயில் பக்கம். ஏலத்தோட்டச் சேறு புல் சஸ்பென்ஷனின் பேரிங்கை அரித்துவிடும். பின் ஷாக்குக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏர் கேன் (காற்று அடைத்திருக்கும் உறை) சர்வீஸ் வேண்டும். எங்கள் பக்கம் செய்ய ஆள் இல்லை, கழற்றி வெளியூர் அனுப்பி மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அந்த 70 ஆயிரத்தை மிச்சம் பிடித்து நல்ல டயரை டியூப்லெஸ்ஸாகப் போட்டுக் காற்றைக் குறைத்து ஓட்டினாலே கை மரப்பு பாதி போய்விடும்.

ஏலக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. பல்லை எண்ணினேன், 22-34 சரிதான். தேனிக்காற்று சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வாரத்தில் நான்கு நாள் நான் ஓட்டுவது கல் பாதை, அதனால் மனசு 150 பக்கம்தான் போகிறது. சனிக்கிழமை கொச்சி போகிறேன். பழைய வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முந்தல்மிதி:
பின் வீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், லொடலொடவென்றால் பேரிங் போயிருக்கிறது. வீல் ஹப்பாகவும் இருக்கலாம், பிரேம் மூட்டில் விரலை வைத்துக்கொண்டு ஆட்டினால் எது என்று தெரியும். ஃபோர்க்கின் பளபளக் குழாயில் நகத்தால் தடவுங்கள், கீறல் நகத்தில் சிக்கினால் வேண்டாம். பிரேமில் வெல்டு பக்கம் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். ஷாக் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று கேளுங்கள், ஞாபகம் இல்லை என்றால் அந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள். ஷாக் பம்ப் எடுத்துப் போய் உங்கள் எடைக்குக் காற்று வைத்து, உட்கார்ந்தால் மொத்த அமுக்கத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே அமுங்கும்படி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அவர் எடைக்கு வைத்த காற்றில் ஓட்டினால் ஒன்றும் புரியாது.

அடிமாலி ராணி:
பிரேக்கில் மினரல் ஆயிலா டாட் ஆயிலா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள், மாற்றி ஊற்றினால் சீல் எல்லாம் கெட்டுவிடும். புது சைக்கிள் வந்த வேகத்தில் குரங்கணி காட்டுப் பாதைக்கோ மதிகெட்டான் சோலைக்கோ அனுமதி இல்லாமல் இறங்கிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் எத்தனை பேர் போனார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். சின்னக்கானல் பக்கம் விடிவதற்கு முன் தனியாக மிதிக்கவும் வேண்டாம், யானை ரோட்டில் நிற்கும்.