பைபாஸுக்குப் பிறகு அப்பாவுக்கு மூச்சுச் சிரமம்: கையால் செய்யும் பிசியோதெரபி உதவுமா?

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. பைபாஸ் முடிந்து 5 வாரம் ஆகிறது. எக்கோ (இதய ஸ்கேன்) நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பாவால் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்து ஸ்பைரோமீட்டரில், மூச்சை இழுக்கும்போது முதல் பந்து, அதாவது நொடிக்கு 600 மி.லி., எழும்புகிறது. இரண்டாவது அசைவதோடு சரி.

இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியும் வலிக்குப் பயந்து இருமலையே அடக்கிக்கொள்கிறார். சளி தேங்கிவிடுமோ என்று எனக்கு இரவில் தூக்கமே இல்லை.

தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளையும் உதரவிதானத்தையும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசை) கையால் தளர்த்திவிட்டால் மூச்சு இலகுவாகும் என்கிறார். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்களே, அது கூடிவர 8 முதல் 12 வாரம் ஆகுமே, அதற்குள் அழுத்தலாமா? அறுவை செய்த டாக்டரைக் கேட்காமல் யாரையும் தொடவிட மாட்டேன். செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்கிறோம்.

வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை செய்திருந்தால் சொல்லுங்கள். எந்த வாரத்தில் தொடங்கினீர்கள்? முதுகு, தோள் பக்கம் மட்டும் செய்தார்களா, நெஞ்சிலுமா? அப்புறம், மதுரைப் பக்கம் இதய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் தெரிந்தாலும் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.