‘ஈக்வல் டைம்’ விதிக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களே,
அமெரிக்கத் தேர்தல் கட்டுரைகளில், ஒரு வேட்பாளருக்கு வானொலி, தொலைக்காட்சி நிலையம் இடம் தந்தால் எதிராளிக்கும் தர வேண்டும் என்கிற ‘ஈக்வல் டைம்’ விதி வருகிறதே, அதைச் ‘சமநேர விதி’ எனலாமா?

*

வணக்கம் ஐயா.
எனலாம், ஆனால் பாதிப் பொருள்தான் வரும். 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவில் இருப்பது ‘சமமான வாய்ப்புகள்’. ‘டைம்’ பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டது. ஒருவருக்கு இரவு 9 மணிக்குப் பத்து நிமிடம் தந்துவிட்டு, எதிராளிக்கு அதே பத்து நிமிடத்தை விடியற்காலை 3 மணிக்குத் தந்தால் செல்லாது. நிலையம் தானாகத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டியதும் இல்லை. எதிராளிதான் 7 நாளுக்குள் கேட்க வேண்டும்.

2024 நவம்பர் 2 அன்று கமலா ஹாரிஸ், என்பிசி தொலைக்காட்சியின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சியில் சுமார் ஒன்றரை நிமிடம் தோன்றினார். மறுநாளே என்பிசி, நாஸ்கார் கார்ப் பந்தய ஒளிபரப்பில் டிரம்ப்புக்கு இடம் கொடுத்தது. அதே நிகழ்ச்சியில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை.

செய்திக்கும் செய்திப் பேட்டிக்கும் 1959 முதல் விலக்கு உண்டு. தொகுப்பாளரோடு பேசுவது உண்மையான செய்திப் பேட்டியாக இருந்தால் தப்பிக்கலாம், நகைச்சுவைக் காட்சியில் நடித்தால் கணக்கில் வரும். வேட்பாளர் நடித்த சினிமாவும் கணக்கில் வரும். 2003இல் நடிகர் ஷ்வார்ஸ்நெகர் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்கு நின்றபோது, அங்குள்ள நிலையங்கள் அவர் படங்களைப் போடாமல் தவிர்த்தன.

*

‘சமவாய்ப்பு’ ஏற்கெனவே வேலைவாய்ப்புச் சட்டத்தில் புழங்குகிறது, குழப்பும். ‘ஈடுவாய்ப்பு’ எப்படி?

*

நட்டஈட்டு வாடை அடிக்கிறதே அம்மா.

*

அடிக்கட்டும். ஒருவர் தோன்றிய பிறகு, அதற்கு ஈடாக மற்றவர் கேட்டுப் பெறுவதுதானே இது? ‘சம’ என்பதில் அந்த முன்பின் தெரியாது.

*

எனக்குச் சம்மதம். ஆனால் ‘வேட்பாளர் ஈடுவாய்ப்பு’ என்று முழுதாக எழுதுவோம். 1987இல் கைவிடப்பட்ட ‘ஃபேர்னஸ்’ கோட்பாட்டோடு இதைக் குழப்பாதவர் குறைவு. அது சர்ச்சைக்குரிய பிரச்சினைகளில் மாற்றுக் கருத்துக்கும் இடம் கேட்டது. இது வேட்பாளருக்கு மட்டும். உட்கட்சித் தேர்தல் என்றால் அதே கட்சிப் போட்டியாளருக்கு மட்டும். 2015 நவம்பரில் டிரம்ப் அதே நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தியபோது ஈடு கேட்டுப் பெற்றவர்கள் கேசிக், ஹக்கபி போன்ற குடியரசுக் கட்சிக்காரர்களே.

குறிப்பில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: யூடியூப், பாட்காஸ்ட் எதற்கும் இந்த விதி கிடையாது. 2024இல் ஜோ ரோகனின் பாட்காஸ்டில் அவரோடு டிரம்ப் மூன்று மணி நேரம் போலப் பேசினார். அதற்காக யாரும் ஈடுவாய்ப்புக் கேட்க முடியாது.