பிளெப்பிஸ்டாட்டின் போட்டும் செல்கள் பிரிகின்றன, எங்கே தப்பு?

கடைசிவருஷம்_எம்எஸ்சி:
வணக்கம். ப்ராஜெக்டுக்காக ஹீலா செல்லில் (லேபில் வளர்க்கும் மனித செல்) சைட்டோகைனசிஸ், அதாவது செல் இரண்டாகப் பிளக்கும் கட்டம், பார்க்கிறேன். நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் புரதத்தில், பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி ஒட்டிய செல்கள். மயோசின் 2 என்ற இழுக்கும் புரதத்தை முடக்கும் பிளெப்பிஸ்டாட்டின் மருந்தை 50 மைக்ரோமோலார் போட்டு, 488 நானோமீட்டர் நீல லேசரில் 2 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறேன். மயோசின் 2 முடங்கினால் செல்லின் இடுப்பு சுருங்கக் கூடாது, அதுதானே கணக்கு? ஆனால் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் போன கையோடு பிளவுப்பள்ளம் விழுந்து, சமர்த்தாக இரண்டாகிவிடுகின்றன. மூன்று மணி நேரத்தில் பாதி செல்கள் உருண்டு செத்தும் போகின்றன. மருந்து புதுசு. கைடு “உன் கை சரியில்லை” என்கிறார்.

பெட்ரிடிஷ்:
டோஸை 100 ஆக்கிப் பாருங்கள்.

நுண்ணோக்கி_அக்கா:
வேண்டாம். அது தண்ணீரில் லேசில் கரையாது, மீடியாவிலேயே படிந்துவிடும். மருந்துக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற பிளஸ், மைனஸ் என்று இரண்டு வடிவம் உண்டு. வாங்கியது பிளஸ்-மைனஸ் கலவையா, மைனஸ் மட்டுமா? வேலை செய்வது மைனஸ் வடிவம்தான். கலவை என்றால் உங்கள் 50 உண்மையில் 25. அப்புறம், அதே டிஷ்ஷில் லேசர் படாத ஓரத்துச் செல்களைப் பார்த்தீர்களா?

கடைசிவருஷம்_எம்எஸ்சி:
மைனஸ்தான் அக்கா. ஓரத்தை இப்போதுதான் பார்த்தேன். ஒரே செல்லுக்குள் இரண்டு நியூக்ளியஸ், நிறைய இருக்கின்றன! படம் எடுத்த இடத்தில் மட்டும் காணோம்.

நுண்ணோக்கி_அக்கா:
இரண்டு நியூக்ளியஸ் என்றால் அங்கே செல் பிளக்கவில்லை, மருந்து வேலை செய்கிறது. அப்போது கை சரி, வெளிச்சம்தான் வில்லன். நீல ஒளி பட்டால் பிளெப்பிஸ்டாட்டின் சிதைந்து செயலிழக்கும். சிதைவில் வருவது செல்லுக்கு நஞ்சு; உங்கள் சாவுகளுக்கு அதுதான் காரணமாக இருக்கும். படம் எடுக்க எடுக்க நீங்களே மருந்தை முறித்துக்கொண்டிருந்தீர்கள். சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி ஒட்டிய டியூபுலினுக்கு மாறி, நீலம் அல்லாத 561 நானோமீட்டர் லேசரில் எடுங்கள். டிஷ்ஷை அலுமினியத் தாளில் சுற்றுங்கள், சாதாரண வெளிச்சத்தில் பார்க்கும்போது சிவப்பு ஃபில்டர் போடுங்கள். நீல ஒளியை விட முடியாது என்றால் பாரா-நைட்ரோபிளெப்பிஸ்டாட்டின் இருக்கிறது, அது ஒளியைத் தாங்கும்.

கடைசிவருஷம்_எம்எஸ்சி:
பக்கத்து லேபில் எம்செர்ரி செல்கள் கிடைத்தன. இன்று வேலை செய்தது! செல் நீள்கிறது, குரோமோசோம்கள் பிரிகின்றன, இடுப்பு மட்டும் உள்ளே போகவில்லை. ஆனால் மயோசின் பிடித்து இழுக்கும் இழையான ஆக்டினைச் சாயமேற்றினால் நடுவில் வளையம் தெரிகிறதே? வளையமே உருவாகாது என்று நினைத்தேன்.

நுண்ணோக்கி_அக்கா:
உருவாகும். நடுவில் எங்கே என்று சொல்வது, குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்கோலின் நுண்குழல்கள். அங்கே ரோ-ஏ என்ற புரதம் முடுக்கப்பட்டு, ஆக்டினும் மயோசினும் சவ்வுக்கு அடியில் வந்து சேரும். மருந்து தடுப்பது இதை அல்ல. பாவாடையில் நாடா கோத்தாகிவிட்டது, இழுக்கத்தான் ஆளில்லை. 2003-இல் இந்த மருந்து பற்றி வந்த கட்டுரையிலேயே இது இருக்கிறது.

கடைசிவருஷம்_எம்எஸ்சி:
புரிந்தது. கடைசியாக ஒன்று: மருந்தில்லாத கன்ட்ரோல் செல்களில் பள்ளம் முழுக்க இறங்கிய பிறகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்லிய நூல் ஒன்று இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் கோளாறா?

பெட்ரிடிஷ்:
இது எனக்குத் தெரியும்! கோளாறு இல்லை. நூலின் நடுவில் தடிப்பாகத் தெரிவது மிட்பாடி. சுருக்கு அதோடு நின்றுவிடும். கடைசி வெட்டு எஸ்கார்ட்-3 புரதங்களின் வேலை. மிட்பாடியை ஒட்டி, பக்கத்தில் வெட்டும். ஹீலாவில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுப்பது சகஜம். நுண்குழல் கட்டு அறுவதை உங்கள் எம்செர்ரி படத்திலேயே பிடிக்கலாம், டைம்லாப்ஸை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.