கொசு ஒலிப்பொறி: ஆண் கொசு அதிகம் சிக்கவில்லை, உதவி தேவை

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, 4வது மாடி. போன மாதம் மகனுக்கு டிங்கி வந்து போனதிலிருந்து கொசுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறுகிறது. காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் என்று 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய, பிளக்கில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவியை 3 வாரம் ஓட்டினேன். அதன் மேலேயே கொசு உட்கார்ந்திருந்தது. பூந்தொட்டித் தட்டு, குளியலறை வாளி எல்லாம் வாரம் தவறாமல் கவிழ்த்துத் தேய்க்கிறேன்.

டிங்கி பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவில் ஆண், பெண்ணின் சிறகொலியை (சுமார் 500 ஹெர்ட்ஸ்) உணர்கொம்பால் கேட்டுத் தேடி வரும். அதனால் கறுப்பு வாளிக்குள் பசைத்தாள் ஒட்டி, கைப்பேசியில் அந்த ஒலியை மாலை 5 முதல் 7 வரை விடுகிறேன். 6 நாளில் சிக்கியவை இரண்டே. உருப்பெருக்கியில் பார்த்தால் இறகு மாதிரி கொம்பு, ஆண்தான். ஆண் கடிக்காது, சரி. எங்கள் மாடியில் இன்னும் கொசு இருக்கிறதா என்று கண்காணிக்கத்தான் இது.

ஒலிப்பொறி செய்தவர்கள் எத்தனை ஹெர்ட்ஸ் வைத்தீர்கள்?