ஊரடங்கில் வந்த ஓடர் எல்லாம் எங்கே போனது?

கல்லடி_தூள்:
வணக்கம். மட்டக்களப்பில் அம்மாவும் மச்சாளும் வீட்டில் வறுத்த மிளகாய்த்தூள், அரிசிமா, பயற்றம் உருண்டை செய்து விற்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கடையெல்லாம் பூட்டிக் கிடந்தபோது சும்மா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டேன், தொடங்கினது அப்படித்தான். பிறகு ஊரடங்குப் பாஸ் எடுத்து ஆரையம்பதி வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கிழமைக்கு முப்பது கிலோ தூள் போனது. இப்போது மாதத்துக்குப் பன்னிரண்டு கிலோ போனாலே பெரிய காரியம். பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் பூஸ்ட் பண்ணு, பக்கற்றை மாற்று, பெரிபெரி மசாலா மாதிரிப் புதிதாக ஏதாவது இறக்கு என்கிறா மச்சாள். அம்மாவோ, "தூள் நல்லமெண்டா ஆக்கள் வருவாங்கதானே மனே" என்கிறா. வந்தால் நான் ஏன் இங்கே எழுதுகிறேன்? போன மாதம் 3,000 ரூபாய்க்குப் பூஸ்ட் பண்ணிப் பார்த்தேன். நானூறு லைக், பாதி கொழும்பும் யாழ்ப்பாணமும். ஓடர் இரண்டு, அதில் ஒன்று என் பெரியம்மா. கையில் ஒரு இருபதாயிரம் இருக்கிறது, எதில் போடலாம்?

சம்மாந்துறை_தயிர்ச்சட்டி:
தம்பி, பெரிபெரியை விடுங்கள். நாங்கள் எருமைத் தயிர் செய்கிறோம், வாப்பா காலத்திலிருந்து. எங்களுக்குக் கொரோனாவை விட 2022 பொருளாதார நெருக்கடிதான் முதுகை முறித்தது. 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ காஸ் 4,860க்குப் போனது, பால் காய்ச்ச மறுபடி உமி அடுப்புக்கே வந்தோம் (நெல் மில்லுக்கு இங்கே பஞ்சமா?). பெற்றோலைக் கியூஆர் கோட்டில் பங்கிட்டுக் கொடுத்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கேட்ட நேரமெல்லாம் கொண்டுபோக முடியாமல், செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவோம், முதல் நாள் இரவுக்குள் சொல்லுங்கள் என்று வைத்தோம். பெற்றோல் வந்த பிறகும் அதை மாற்றவில்லை, வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் தயிர் என்று அந்த வீடுகளுக்குப் பழகிவிட்டது.

புதுமை என்று நானும் ஒன்று செய்து அடி வாங்கினேன். கூரியரில் அனுப்பிய சட்டிகளில் பாதி உடைந்து போக, பிளாஸ்டிக் கப்பில் உறைய வைத்தேன். மண்சட்டி தண்ணியை உறிஞ்சும், கப் உறிஞ்சாது, மேலே தண்ணி நின்றது. பழைய ஆட்கள் போன் எடுத்து "பாலுக்குத் தண்ணி ஊத்துறீங்களா காக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். இப்போது வீட்டுக்குச் சட்டிதான். சின்னக் கப், மேலே கித்துள் பாணியோடு, அறுகம்பேயில் அலைச்சறுக்க ஆட்கள் வரும் மாதங்களில் மட்டும். அவர்கள் ஒருவேளைக்குத்தான் வாங்குகிறார்கள், தண்ணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆரையம்பதி_அக்கா:
தம்பி, அம்மா கடன் எழுத ஒரு கொப்பி வைத்திருப்பா, இல்லையா? அதை எடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ தூள் எனக்குத் தெரிய ஒன்றரை மாதம் வரும். யார் எப்போது வாங்கினார்கள் என்று பார்த்து, முடியப்போகிற கிழமை பார்த்து அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், அதுவும் போஸ்டர் வேண்டாம், அம்மாவின் குரலில் வொய்ஸ். ஸ்டேட்டஸை எல்லாரும் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நான் முறுக்கும் தொதலும் செய்கிறேன், என் ஓடரில் முக்கால்வாசி வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தருவது. சுவிஸிலிருந்து மகன் பாங்கில் காசு போடுவான், நான் இங்கே களுவாஞ்சிகுடியில் அவனுடைய அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு படம் எடுத்து அனுப்புவேன். அந்தப் படத்துக்காகவே மறுகா மறுகா ஓடர் வரும்.

கல்முனை_கடைக்காரன்:
அக்கா சொன்னது வீட்டு வியாபாரத்துக்குச் சரி. கடைக்கு வரவேண்டுமென்றால் அது காணாது. ஊர்த்தூள் கேட்டு என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், ஆனால் ஸ்டேப்ளர் அடித்த பொலித்தீன் பையை நான் றாக்கையில் வைக்க முடியாது. பெயர், விலாசம், நிறை, செய்த திகதி, முடியும் திகதி எல்லாம் லேபலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் மாட்டுவது நான். இருபதாயிரத்தில் ஒரு சீலர் மெசின், லேபல், மிச்சக் காசுக்கு 50 கிராம் பக்கற். ஒரு கிலோவைப் புதிதாக யாரும் நம்பி வாங்கமாட்டார்கள்.

கல்லடி_தூள்:
எல்லாருக்கும் நன்றி. கொப்பியை எடுத்துப் பார்த்தேன், 61 பேர், அதில் 19 பேர் 2022க்குப் பிறகு வாங்கவே இல்லை. நாவற்குடா ரீச்சர் ஒருவருக்கு அம்மா வொய்ஸ் அனுப்பினா, இரண்டு நிமிடம், அதில் ஒன்றரை நிமிடம் ரீச்சரின் மகளுடைய கலியாணத்தைப் பற்றி. உடனே பதில் வந்தது: "நீங்க இப்ப தூள் செய்றதில்லை எண்டெல்லோ நினைச்சன்." இரண்டு கிலோ கேட்டிருக்கிறா. சீலர் மட்டக்களப்பு டவுனில் எங்கே வாங்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.