மறதி நோய் கண்ட முதியோருக்கான பகல்நேர இல்லம்: என்னென்ன காப்பீடு வேண்டும்?

கேள்வி: அறங்காவலர், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். பங்காளிகள் சிலர் வாடகை வாங்காமல் ஒப்படைத்திருக்கும் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில், மறதி நோய் கண்ட முதியவர்களுக்காக எங்கள் அறக்கட்டளை பகல்நேரப் பராமரிப்பு இல்லம் நடத்தி வருகிறது. 14 பேர் வருகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனித்து வாழும் ஆச்சிகளே அவர்களில் மிகுதி. சம்பளத்துக்கு 6 பேரும் தொண்டர்களாக 8 பேரும் பணிபுரிகிறார்கள். எங்களிடம் இருப்பது கட்டடத்துக்கான தீக்காப்பீடு ஒன்று மட்டுமே.

சென்ற மாதம் ஓர் ஆச்சி, மதிய உணவுக்குப் பின் இரண்டாங்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறி, ஊருணிப் படிக்கட்டில் போய் அமர்ந்துவிட்டார். கேட்டதற்கு, பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும், கால் இடறி நீருக்குள் விழுந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எங்கள் அறக்கட்டளை எதைக் கொண்டு ஈடு செய்திருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், தேவகோட்டை

ஐயா, முதலில் அந்தத் தீக்காப்பீட்டை எடுத்துப் பாருங்கள். அது குடியிருப்புகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷாவாக இருந்தால், இல்லமாக இயங்கும் கட்டடத்துக்கு அது பொருந்தாது. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துகளை உடைய நிறுவனங்களுக்கென்று 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தீக்காப்பீடு இருக்கிறது. வீடு பங்காளிகளுடையது, கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் உங்களுடையவை. இரண்டையும் அவரவர் பெயரில் பிரித்துக் காட்டாவிட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் வழக்காகும்.

தாங்கள் அஞ்சுகிற ஊருணி நிகழ்ச்சிக்குத் தீக்காப்பீட்டில் இடமே இல்லை. அதற்குரியது, நம் கவனக்குறைவால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் நாம் தர வேண்டிய ஈட்டை ஏற்கும் பொதுப்பொறுப்பு பாலிசி, அதாவது பப்ளிக் லயபிலிட்டி. இதே பெயரில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழிற்கூடங்களுக்கானது என்பதால், முகவர் அந்த பாலிசியை நீட்டினால் வாங்க வேண்டாம். பொதுப்பொறுப்பு பாலிசியில் ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு இவ்வளவு என இரண்டு வரம்புகள் இருக்கும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தல் போன்ற தொழில்முறைப் பிழைகளை அது பொதுவாக விலக்கிவிடும். செவிலியர் இருந்தால் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு தனியாக வேண்டும். இவ்வகை பாலிசிகள் பெரும்பாலும், விபத்து நடந்த நாளில் மட்டுமன்றி, இழப்பீட்டுக் கோரிக்கை எழும் நாளிலும் நடப்பில் இருக்க வேண்டும். இடையில் ஓராண்டு புதுப்பிக்காமல் விட்டால், முன்பு நடந்தவற்றுக்கான பாதுகாப்பையும் இழக்க நேரிடும்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது, பாலிசி கேட்டு நிறுவனத்துக்கு நாம் எழுதித் தரும் முன்மொழிவுப் படிவத்தைத்தான். ‘முதியோர் நலப்பணி’ என்று பொதுப்பட எழுதாதீர்கள். வருவோர் மறதி நோயாளர்கள், தாமாக வெளியேறக்கூடியவர்கள், வீட்டில் உயர்ந்த நிலைப்படிகளும் நீர் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடித் தரையும் இருக்கின்றன, அருகில் ஊருணி இருக்கிறது, சென்ற மாதம் இன்னது நடந்தது என்று அனைத்தையும் எழுதுங்கள். பிரீமியம் கூடலாம், கூடட்டும். மறைத்து வாங்கிய பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் தாள்.

பணியாளர் எண்ணிக்கை பத்தை எட்டாததால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு தங்களுக்குக் கட்டாயமாகாது, எனவே அந்த 6 பேருக்கும் பணியாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள். தொண்டர்கள் அதில் அடங்க மாட்டார்கள். அவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு வேண்டும்.

மறுமொழி: முதியோர் இல்லப் பொறுப்பாளர், புதுக்கோட்டை

வாகனத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் தொண்டர் ஒருவர் தம் சொந்தக் காரில் முதியவர்களை அழைத்து வருவார். பெட்ரோலுக்காகக் குடும்பங்களிடம் மாதந்தோறும் சிறு தொகை வாங்கினோம். சிறு விபத்து ஒன்று நேர்ந்தபோது, அந்தத் தொகையைச் சுட்டிக்காட்டிய நிறுவனம், தனிப்பயன்பாட்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகக் கூறிக் கோரிக்கையை நிராகரித்தது. பழுதுபார்த்த செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. நல்ல மனத்தோடு உதவ வந்தவரை அந்த நிலையில் நிறுத்தியது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதன்பின் இல்லத்தின் பெயரிலேயே, உரிய அனுமதியும் பயணிகளுக்கான காப்பீடும் உள்ள வேன் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டோம்.

மறுமொழி: பராமரிக்கும் மகள், பள்ளத்தூர்

வருகிறவர்களின் மருத்துவச் செலவு வேறு. நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கானது, மறதி நோய் அதில் இல்லை. 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான், அன்றாடப் பராமரிப்புக்கு அன்று. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. என் அம்மாவின் கோரிக்கை ஒன்றைத் திருப்பி அனுப்பியபோது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினேன், மறுபரிசீலனை செய்தார்கள்.

அறங்காவலர், காரைக்குடி

மூவருக்கும் நன்றி. பார்த்தேன், எங்களிடம் இருப்பது குடியிருப்புக்கான பாலிசிதான். இன்னும் ஓர் ஐயம். எது நேர்ந்தாலும் இல்லம் பொறுப்பல்ல என்று உறவினர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டால், பொதுப்பொறுப்பு பாலிசியைத் தள்ளிவைக்கலாமா?

ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், தேவகோட்டை

தள்ளிவைக்காதீர்கள், ஐயா. நம் கவனக்குறைவால் நேர்ந்த தீங்குக்கு அந்தக் கையெழுத்து காப்பாகும் என்று நம்ப இயலாது. எழுதி வாங்குவதானால், ஆச்சி எந்நேரம் வீட்டுக்குப் போகக் கிளம்புவார், எந்தப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்பதை எழுதி வாங்குங்கள். இரண்டாங்கட்டுக் கதவுக்கு மணி ஒன்றையும் இந்த வாரமே பொருத்திவிடுங்கள்.